ஆங்கில இலக்கியத்தில் லத்தீன் தொடர்கள்: அடிக்குறிப்பைத் தாண்டிப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கில இலக்கியம் படிப்பவர் கையில் லத்தீன் தொடர்களின் பட்டியல் ஒன்று எப்படியும் வந்து சேர்ந்துவிடும். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அந்தப் பட்டியலோடு, யாத்திரிகர்கள் வழிநெடுகச் சொல்லும் கதைகளைக் கோத்த ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே சான்ட்டிக்ளீர் என்ற சேவல் தன் பெட்டையிடம் ஒரு லத்தீன் வாக்கியம் சொல்கிறது: ‘முலியேர் எஸ்ட் ஹோமினிஸ் கன்ஃபூசியோ’. பெண்ணால் ஆணுக்கு அழிவு என்று பொருள். சொன்ன கையோடு சேவலே அதற்கு உரையும் தருகிறது: அம்மணி, பெண்தான் ஆணின் மகிழ்ச்சி, அவனுடைய பேரின்பம் என்பதே இந்த லத்தீனின் பொருள்!

பெட்டைக்கு லத்தீன் தெரியாது, வாசகருக்குத் தெரியும். சேவலுக்குத் தெரியுமா, தெரிந்தே ஏமாற்றுகிறதா என்பதைச் சாசர் சொல்லவில்லை. நகைச்சுவை முழுவதும் தொடருக்கும் உரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இருக்கிறது. பட்டியல் அந்த இடைவெளியை அடைத்துவிடும்.

ஆகவே, ஒரு லத்தீன் தொடர் எதிர்ப்பட்டால் அதன் பொருளைத் தெரிந்துகொள்வது தொடக்கம்தான். அது எங்கிருந்து வெட்டி எடுக்கப்பட்டது, வெட்டும்போது எது விடுபட்டது, யார் வாயில் வைக்கப்பட்டது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் வாசிப்பு முடியும். கீழே உள்ள ஆறு படிகளுக்கு லத்தீன் இலக்கணப் பயிற்சி தேவையில்லை. முதல் சில தொடர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் அரை மணிக்கு மேல் ஆகலாம். கை பழகிய பிறகு பத்து நிமிடம் போதும்.

கையில் இருக்க வேண்டியவை

நல்ல குறிப்புகளோடு கூடிய பதிப்பு ஒன்று: ஆர்டன், நார்ட்டன், ஆக்ஸ்ஃபோர்டு எதுவானாலும் சரி. 1879-இல் வந்த லூயிஸ்–ஷார்ட் லத்தீன் அகராதி. இது டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே மூலநூலின் சொல்லைத் தொட்டாலே அது என்ன வேற்றுமை, எந்த எண், எந்தக் காலம் என்று காட்டிவிடும். அடுத்து, 1911-இல் தொடங்கிய லோப் வரிசை நூல்கள். சிவப்பு அட்டை என்றால் லத்தீன், பச்சை என்றால் கிரேக்கம். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். பழைய லோப் நூல்களின் ஆங்கிலத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் ஆபாசக் குறுங்கவிதைகளை ஆங்கிலத்தில் தரக் கூச்சப்பட்டு இத்தாலிய மொழியில் அச்சிட்ட பதிப்பு அந்த வரிசையில் உண்டு! கடைசியாக, வுல்காத்தா எனப்படும் ஜெரோமின் லத்தீன் விவிலியம். ஆங்கில இலக்கியத்து லத்தீனில் பெரும்பங்கு ரோமானியக் கவிஞர்களான ஹொரஸ், வெர்ஜில், ஓவிட் மூவரிடமிருந்தும் இந்த விவிலியத்திலிருந்தும் வந்ததுதான்.

படி 1: இனம் பிரியுங்கள்

எல்லா லத்தீனும் மேற்கோள் அல்ல. முதலில், வெறும் கருவிச் சொற்களை ஒதுக்கிவிடுங்கள். நாடகத்தில் வரும் ‘எக்சிட்’ என்பது ‘போகிறார்’ என்ற ஒருமை வினைமுற்று, ‘எக்சியூன்ட்’ பன்மை. ‘மேனெட்’ என்றால் அவர் மேடையிலேயே இருக்கிறார். இவற்றுக்கு ஆழமான பொருள் தேட வேண்டாம். ஆனால் எண்ணிக்கை பாருங்கள்: யார் போனார், யார் நின்றார் என்பதை அந்த விகுதிதான் சொல்கிறது.

அடுத்த இனம் விமர்சனக் கலைச்சொற்கள். கதையை நடுவில் தொடங்குவதைக் குறிக்கும் ‘இன் மீடியாஸ் ரெஸ்’, முட்டையிலிருந்து என்று பொருள்படும் ‘ஆப் ஓவோ’ இரண்டும் ஹொரஸின் ‘கவிதைக் கலை’யில் அடுத்தடுத்த வரிகளில் வருபவை. ட்ராய் போரைச் சொல்ல ஹெலன் பிறந்த முட்டையிலிருந்து தொடங்காத ஹோமரைப் பாராட்டுகிறார் ஹொரஸ். 1667-இல் வந்த மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ தோற்று விழுந்த சாத்தானிடமிருந்து தொடங்குவது இந்த வழக்கப்படிதான்.

மீதி உள்ளவை வழிபாட்டு லத்தீன், நீதிமன்ற லத்தீன், பள்ளிக்கூட லத்தீன், ரோமானியக் கவிஞர்களின் மேற்கோள். இவற்றோடு எல்லோரும் மறந்துவிடும் ஓர் இனமும் உண்டு, போலி லத்தீன். மார்கரெட் அட்வுட்டின் 1985-ஆம் ஆண்டு நாவலான ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ கதைநாயகி, தன் அறை அலமாரிக்குள் யாரோ கீறி வைத்த ‘நோலிட்டே டே பாஸ்டார்டெஸ் கார்போரண்டோரம்’ என்ற தொடரைக் காண்கிறாள். பொருள் தெரியாமலேயே அதை ஒரு பிரார்த்தனைபோல் வைத்துக்கொள்கிறாள். அகராதியில் தேடினால் ‘நோலிட்டே’, ‘டே’ இரண்டும்தான் தேறும். ‘நோலிட்டே’ என்பது ‘வேண்டாம்’ என்ற பன்மை ஏவல். பக்கத்தில் நிற்கும் ‘டே’ ஒருமை. ‘கார்போரண்டம்’ என்பது சாணைக்கல் போன்ற தேய்ப்புப் பொருளின் வணிகப் பெயர். பள்ளிப் பையன்கள் லத்தீன் பாடப்புத்தகத்தில் கிறுக்கும் கேலி அது என்று பிற்பாடு அந்த வீட்டுத் தலைவரான கமாண்டர் சொல்லும்போதுதான், முன்பு அந்த அறையில் இருந்தவளுக்கு அது எங்கிருந்து கிடைத்திருக்கும் என்பது அவளுக்கு உறைக்கிறது. இங்கே தொடரின் பிழைதான் துப்பு. திருத்தி வாசித்தால் கதையே போய்விடும்.

ஹாரி பாட்டர் மந்திரங்களில் அசலும் கலப்படமும் அருகருகே கிடக்கின்றன. ‘குரூசியோ’ அசல் வினைச்சொல், ‘வதைக்கிறேன்’ என்று பொருள். ‘லூமோஸ்’ லத்தீன் சாயல் பூசிய புதுச்சொல்.

படி 2: விகுதியைப் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியில் தமிழ் வாசகர் ஆங்கிலேயரைவிட ஓரடி முன்னால் நிற்கிறார். வேற்றுமையை விகுதியால் காட்டுவது, சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாதது, பயனிலை வினை இல்லாமலே வாக்கியம் அமைவது எல்லாம் நமக்குப் பழக்கம்.

‘எட் டூ, ப்ரூட்டே?’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ப்ரூட்டஸ். கண்ணன் ‘கண்ணா’ ஆவதுபோல் ப்ரூட்டஸ் ‘ப்ரூட்டே’ ஆகிறான். விளி வேற்றுமை. ஆங்கிலத்தில் பெயர் விளியேற்காது. நம்மூரில் துரோகத்தைக் கேலி செய்ய எல்லோரும் சொல்லும் ‘யூ டூ ப்ரூட்டஸ்’ அந்த விளியைத் தொலைத்த வடிவம். தமிழில் ‘நீயுமா, ப்ரூட்டா?’ என்றால் ‘எட்’டுக்கு உம்மையும் ‘ப்ரூட்டே’க்கு விளியும் கிடைத்துவிடுகின்றன.

உம்மை பற்றி இன்னும் கொஞ்சம். ‘எட் இன் ஆர்க்கேடியா ஈகோ’ என்ற தொடர் 17-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் குவெர்சினோ, பூசான் இருவரின் படங்களில் புகழ்பெற்றது. ஈவ்லின் வா தன் 1945-ஆம் ஆண்டு நாவலான ‘ப்ரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்’டின் முதல் பகுதிக்கு இதையே தலைப்பாக்கினார். ஆர்க்கேடியா என்பது கவலையில்லாத முல்லை நிலம். தொடரில் வினைச்சொல் இல்லை. ‘எட்’ என்பது நம் ‘உம்’. அதை எங்கே ஒட்டுவது? ‘ஆர்க்கேடியாவில் நானும்’ என்றால் நானும் ஒருகாலத்தில் இன்பமாக இருந்தேன் என்ற ஏக்கம், எச்சவும்மை. ‘ஆர்க்கேடியாவிலும் நான்’ என்றால் அந்தச் சொர்க்கத்திலும் நான் இருக்கிறேன் என்று பேசுவது சாவு, உயர்வு சிறப்பும்மை. லத்தீன் சொல்வரிசைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். குவெர்சினோ படத்தில் மண்டையோடு இருக்கிறது. வாவின் நாவலிலும் மாணவன் அறையில் ரோஜாக்களுக்கு நடுவே வைத்த மண்டையோட்டின் நெற்றியில்தான் இந்தத் தொடர். முதல் பொருளை எழுதிவிட்டால் ஆக்ஸ்ஃபோர்டு நாட்களின் இனிமை மட்டும் மிஞ்சும், மண்டையோடு காணாமல்போகும். ஆங்கிலத்தில் பல பத்தி எடுக்கும் இந்த விவாதம் தமிழில் ஓர் ‘உம்’மை நகர்த்தினால் முடிந்துவிடுகிறது.

‘கார்பே டீயெம்’ இன்னொன்று. ‘நாளைக் கைப்பற்று’ என்ற ஆங்கில வழிப்பொருள் ஏதோ படையெடுப்பு போலிருக்கிறது. ‘கார்பே’ என்றால் பறி. பூவையோ பழத்தையோ பறிப்பது. ஹொரஸின் அந்தப் பாட்டு ஜோசியக் கணக்குப் பார்க்கும் லியூகோனோயே என்ற பெண்ணிடம் பேசுகிறது: மதுவை வடிகட்டு, நீண்ட ஆசையைக் கத்தரி, நாளைப் பறி. எல்லாம் தோட்டத்துச் சொற்கள். இது தெரிந்தால், 1648-இல் ராபர்ட் ஹெரிக் கன்னியரைப் பார்த்து ரோஜா மொட்டுகளைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது ஹொரஸின் வினைச்சொல்லையே காட்சியாக்கியது என்பது புலப்படும்.

படி 3: வெட்டுப்பட்ட இடத்தைத் தேடுங்கள்

ஆறு படிகளில் அதிக நேரம் கேட்பதும் அதிகம் கொடுப்பதும் இதுதான். மூலநூலில் அந்த வரியைக் கண்டுபிடித்து, முன்னும் பின்னும் பத்து வரியாவது படியுங்கள். அடுத்த வரியையாவது படிக்காமல் நகராதீர்கள்.

மார்லோவின் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’, பிசாசுக்கு ஆன்மாவை விற்கும் அறிஞனின் நாடகம். அதன் முதல் காட்சியில் ஃபாஸ்டஸ் ஜெரோமின் விவிலியத்தைத் திறக்கிறான். ‘ஸ்டிபெண்டியும் பெக்காட்டி மோர்ஸ் எஸ்ட்’ என்று வாசிக்கிறான். பாவத்தின் சம்பளம் மரணம். அடுத்து, நமக்குப் பாவம் இல்லையென்றால் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம் என்ற வரி. அப்படியானால் எல்லோரும் பாவம் செய்து எல்லோரும் சாகத்தானே வேண்டும் என்று தர்க்கம் பேசி, இறையியலே வேண்டாம் என்று புத்தகத்தை மூடிவிடுகிறான். இப்போது மூலத்துக்குப் போங்கள். முதல் வரி ரோமர் 6:23. அந்த வசனத்தின் மறுபாதி, கடவுளின் கொடையோ நித்திய வாழ்வு என்கிறது. இரண்டாவது 1 யோவான் 1:8. அடுத்த வசனமே, பாவத்தை ஒப்புக்கொண்டால் மன்னிப்பு உண்டு என்கிறது. இரண்டு இடத்திலும் ஃபாஸ்டஸ் சரியாக மன்னிப்பு தொடங்கும் இடத்தில் வாசிப்பை நிறுத்துகிறான். நாடகத்தின் முடிவில் வரப்போகும் அழிவை மார்லோ முதல் காட்சியிலேயே இரண்டு அரைகுறை மேற்கோளில் எழுதி முடித்துவிட்டார். பொருளை மட்டும் தரும் குறிப்பு இதைக் காட்டாது.

அதே நாடகத்தின் கடைசி மணி நேரம். பிசாசு வர நேரம் நெருங்குகிறது. ஃபாஸ்டஸ் கதறுகிறான்: ‘ஓ லென்டே, லென்டே குர்ரிட்டே, நோக்டிஸ் எக்வி!’ இரவின் குதிரைகளே, மெல்ல ஓடுங்கள். மூலம் ஓவிடின் காதல் கவிதை, ‘அமோரெஸ்’ முதல் நூல் 13-ஆம் பாட்டு. காதலியின் அணைப்பில் கிடப்பவன் விடியலைத் திட்டுகிறான்: விடியல் தேவதையே, உன் கிழட்டுக் கணவனை விட்டு நீ விரும்பும் இளைஞன் உன் கையில் கிடந்தால் நீயே ‘மெல்ல ஓடுங்கள்’ என்று கத்தியிருப்பாய். படுக்கையில் பிறந்த வரியை நரகத்தின் வாசலில் நிற்பவன் சொல்கிறான். ஓவிட் ஒருமுறை சொன்ன ‘லென்டே’யை மார்லோ இரட்டித்திருக்கிறார். தெரியாமல் எடுத்த வரி அல்ல இது. அந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவரே மார்லோதான். அந்த மொழிபெயர்ப்பு 1599-இல் ஆயர்களின் ஆணைப்படி தீயில் போடப்பட்டது.

சாசரின் கன்னி மடத் தலைவி அணிந்திருக்கும் தங்கப் பதக்கத்தில் ‘அமோர் வின்சிட் ஓம்னியா’, அன்பு எல்லாவற்றையும் வெல்லும் என்று இருக்கிறது. தெய்வ அன்பா, மனித அன்பா என்ற கேள்வியைத்தான் எல்லாக் குறிப்புகளும் எழுப்புகின்றன. வெர்ஜிலின் பத்தாவது முல்லைப்பாட்டில் இதைச் சொல்பவன் காலஸ். அவன் காதலி ஒரு படைவீரனோடு போய்விட்டாள். வரியின் மீதி: நாமும் காதலுக்குப் பணிந்துவிடுவோம். வெற்றி முழக்கம் அல்ல, தோற்றவன் வாக்குமூலம். அது ஒரு கன்னித்துறவியின் மணிமாலையில் தொங்குகிறது!

படி 4: யார் வாய், யார் காது

லத்தீன் பேசும் பாத்திரத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். இவருக்குப் பொருள் தெரியுமா? கேட்பவருக்குத் தெரியுமா? தெரியாதவரிடம் ஏன் பேசுகிறார்?

சாசரின் நீதிமன்றச் சேவகன் குடித்துவிட்டால் லத்தீன் தவிர வேறு பேச மாட்டான். அவனுக்குத் தெரிந்ததோ ஏதோ தீர்ப்பில் கேட்ட இரண்டு மூன்று தொடர்கள். கூண்டுப் பறவை பெயர் சொல்வதுபோல் என்கிறார் சாசர். அதே பயணத்தில் வரும் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன், பேராசையே எல்லாத் தீமைக்கும் வேர் என்ற ‘ராடிக்ஸ் மலோரும் எஸ்ட் குபிடிடாஸ்’ வரியை வைத்துத்தான் பிரசங்கம் செய்து பணம் பறிக்கிறான். இவனுக்குப் பொருள் நன்றாகத் தெரியும். அதுதான் பயங்கரம்.

ஷேக்ஸ்பியர் இதை இன்னும் கீழே இறக்கி வேடிக்கை பார்க்கிறார். ஹாம்லெட்டில் கல்லறை வெட்டுபவன் ஒஃபீலியா நீரில் மூழ்கியதைச் சட்டம் பேசி அலசுகிறான். தற்காப்புக் கொலைக்கான சட்டத்தொடர் ‘சே டிஃபெண்டெண்டோ’. அவன் சொல்வது ‘சே ஆஃபெண்டெண்டோ’, தன்னைத் தானே தாக்கி. ஆகவே எனும் ‘எர்கோ’ அவன் வாயில் ‘ஆர்கல்’ ஆகிறது. சிரித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். தற்கொலையா என்ற கேள்விக்கு அந்த உளறல் தற்செயலாகச் சரியான பதிலைத் தொடுகிறது. ‘மெர்ரி வைவ்ஸ்’ நாடகத்தில் வெல்ஷ் உச்சரிப்புள்ள பாதிரியார் ஒரு சிறுவனுக்கு லத்தீன் பாடம் எடுக்க, பக்கத்தில் நிற்கும் குவிக்லி அம்மாள் ஆறாம் வேற்றுமைப் பன்மையான ‘ஹோரும்’ என்பதில் விலைமகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கேட்டுப் பதறுகிறாள். வில்லியம் லிலியின் இலக்கணப் பாடநூலை மனப்பாடம் செய்த ஆண்கள் நிறைந்த அரங்கில் அது வெடிச்சிரிப்பு.

படித்தவர் மொழி என்றால் படிக்க விடப்படாதவர் கதையும் அதில் உண்டு. ஜார்ஜ் எலியட்டின் 1860-ஆம் ஆண்டு நாவலான ‘ஃப்ளாஸ் ஆற்று ஆலை’யில் லத்தீனோடு மல்லுக்கட்டுவது டாம்; அதைப் பார்த்த மாத்திரத்தில் ரசிப்பது அவன் தங்கை மேகி. பெண்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் ஆழம் கிடையாது என்று அவள் முகத்துக்கு நேரே தீர்ப்பு சொல்கிறார் ஆசிரியர். தாமஸ் ஹார்டியின் ‘ஜூட்’ (1895) இன்னும் கசப்பு. லத்தீனை ஒரு ரகசியச் சூத்திரத்தால் மொத்தமாகத் திறந்துவிடலாம் என்று நம்பிய கிராமத்துப் பையன், ஒவ்வொரு சொல்லையும் உருப்போட வேண்டும் என்று கண்டு உடைந்துபோகிறான். ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகம் கதவடைத்த நகரில், மதுக்கடையில் ஒரு கோப்பைச் சாராயத்துக்காக விசுவாசப் பிரமாணத்தை லத்தீனில் ஒப்பிக்கிறான். முடித்துவிட்டு, நான் சொன்னது சரியா தப்பா என்று இங்கே எவனுக்குத் தெரியும் என்று வெடிக்கிறான்.

படி 5: காலத்தைப் பாருங்கள்

ஒரே தொடர் 1400-இல் ஒன்று, 1600-இல் வேறொன்று. முக்கியமான எல்லைக்கல் 1549: அந்த ஆண்டு ஆங்கிலப் பொதுச் செபநூல் வந்து, இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாடு ஆங்கிலமானது. அதன்பின் மேடையில் ஒலிக்கும் செப லத்தீனில் ரோமாபுரிச் சமயமும் பில்லிசூனியமும் ஒருசேர வாடையடிக்கும். ஃபாஸ்டஸ் பிசாசை அழைப்பது லத்தீனில். ஹாம்லெட்டின் தொடக்கத்தில் ஆவி வந்ததும், நீ படித்தவன், நீ பேசு என்று ஹொரேஷியோவை முன்னே தள்ளுவதற்கும் காரணம் இதுதான்.

ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ (1922) நாவலில் முதலில் ஒலிக்கும் பேச்சே ‘இன்ட்ரொய்போ அட் அல்டாரே டேயி’. இறைவனின் பீடத்துக்குச் செல்வேன் என்ற திருப்பலித் தொடக்கம். சொல்பவன் குருவல்ல, சவரக்கிண்ணத்தைத் திருக்கிண்ணம்போல் ஏந்திய மல்லிகன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கக் கோயில்களில் குருமார் சொல்லிவந்த அதே வரி இது. பீடச் சிறுவனாக இருந்த முதியவர் யாராவது பக்கத்தில் இருந்தால், ஜாய்ஸின் குறும்பு எவ்வளவு உறைக்கும் என்று அவரிடம் கேட்கலாம்.

லத்தீனுக்குள்ளும் காலம் உண்டு. ராபர்ட் பிரவுனிங்கின் 1845-ஆம் ஆண்டுக் கவிதையில் சாகக்கிடக்கும் ஓர் ஆயர் தன் கல்லறைக்கு ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோவின் தரத்து லத்தீன் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். பழைய எதிரியின் கல்லறையில் ‘எலுசெஸ்செபாட்’ என்று பொறித்திருப்பது அவருக்கு ஆனந்தம். சிசரோ என்றால் ‘எலுசெபாட்’ என்று எழுதியிருப்பார். இது பிற்காலத்துக் கொச்சை. உயிர் போகும் நேரத்தில் ஒரு வினை விகுதியில் பகை தீர்க்கும் மனிதரை வேறெப்படிக் காட்ட முடியும்?

1960 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் நுழைவுக்கு லத்தீன் கட்டாயம் என்பதைக் கைவிட்டன. அதற்குப் பின் எழுதப்பட்டவற்றில் வாசகருக்குப் புரியாது என்று தெரிந்தேதான் லத்தீன் வருகிறது. அட்வுட் அப்படித்தான் பயன்படுத்துகிறார்.

படி 6: வாய்விட்டுப் படியுங்கள்

இயைபு இருந்தால் உச்சரிப்பு தானே தெரிந்துவிடும். ஸ்காட்லாந்துக் கவிஞர் வில்லியம் டன்பார், இறந்துபோன கவிஞர்களுக்காகப் பாடிய புலம்பலில் ஒவ்வொரு கண்ணியும் ‘டீமோர் மோர்டிஸ் கண்டூர்பாட் மே’ என்று முடிகிறது. சாவின் அச்சம் என்னைக் கலக்குகிறது. மூன்று வரி ஸ்காட்டிஷ், நான்காவது வரி லத்தீன். நம் மணிப்பிரவாளம்போல் இரு மொழி கோத்த மாலை. கடைசி ‘மே’ முந்தைய வரியின் ஆங்கிலச் சொல்லோடு இயைகிறது. லத்தீனில் அது ‘என்னை’, ஆங்கிலத்திலும் ‘என்னை’. செத்த மொழியும் உயிருள்ள மொழியும் கவிஞனின் ‘என்னை’யில் வந்து முட்டுகின்றன.

ஆறு படிகளும் ஒரே கவிதையில்

வில்ஃப்ரெட் ஓவனின் ‘டுல்சே எட் டெகோரும் எஸ்ட்’ கவிதையில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம். இனம்: ரோமானியக் கவிஞரின் மேற்கோள். பொருள்: தாய்நாட்டுக்காக இறத்தல் இனியது, தகுதியானது. ‘மோரி’ என்பது ‘இறத்தல்’ என்ற தொழிற்பெயர் போன்ற வடிவம். யார் இறப்பது என்று தொடர் சொல்லவில்லை. யாரோ ஒரு பையன்.

மூலம் ஹொரஸ், மூன்றாம் நூல், இரண்டாம் பாட்டு. அடுத்த வரி: புறமுதுகிட்டு ஓடுபவனையும் சாவு துரத்திப் பிடிக்கும். ஓவன் அந்த வரியைச் சொல்லவில்லை. ஆனால் கவிதையில் சாகிறவன் ஓடவுமில்லை, போரிடவுமில்லை. களைத்துத் தள்ளாடித் திரும்பும் வழியில் விஷவாயுவில் முகமூடி மாட்டத் தவறிப் பச்சைக் கடலில் மூழ்குபவன்போல் சாகிறான். ஹொரஸின் வீரன், கோழை என்ற இரு பெட்டியிலும் அவனை வைக்க முடியாது.

வாய், காது: சொல்பவர் போர்முனையில் நின்ற அதிகாரி. கேட்பவர் ‘நண்பரே’ என்று விளிக்கப்படும் வீட்டிலிருக்கும் தேசபக்தர். ஒரு கைப்பிரதியில் போர்ப் பிரசாரக் கவிஞர் ஜெஸ்ஸி போப்புக்கான அர்ப்பணமே இருக்கிறது. காலம்: சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரித் தேவாலயச் சுவரில் 1913-இல் இந்த வரி பொறிக்கப்பட்டது. 1917 அக்டோபரில் தாய்க்கு எழுதிய கடிதத்தில் ஓவன் இந்தத் தொடரின் பொருளைச் சொல்லிவிட்டு, ‘இனியது!’ என்று தனியே ஓர் ஆச்சரியக்குறி போட்டார். 1918 நவம்பர் 4-இல், போர் ஓய ஒரு வாரம் இருக்கையில், கொல்லப்பட்டார். கவிதை 1920-இல்தான் நூலில் வந்தது.

ஒலி: ஹொரஸில் முழுத்தொடரும் ஒரே அடி. ஓவன் அதை இரண்டாக ஒடித்து, ‘ப்ரோ பாட்ரியா மோரி’ என்ற ஆறசைத் துண்டில் கவிதையை நிறுத்துகிறார். ‘மோரி’க்கு இயைபு ‘க்ளோரி’, அதாவது புகழ். பழைய ஆங்கிலப் பள்ளி உச்சரிப்பில் அது ‘மோரை’. சீர்திருத்திய உச்சரிப்பில்தான் ‘மோரி’. புகழும் சாவும் ஒலியால் மணம் முடிக்க, அந்தப் புது உச்சரிப்பு தேவைப்பட்டிருக்கிறது. தலைப்பிலோ பாதித் தொடர்தான். மீதியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வாசகர் உள்ளே போகிறார். கடைசியில் அதைப் பொய் என்று சொல்லித் திருப்பித் தருகிறார் கவிஞர்.

எழுதும்போது வழுக்கும் இடங்கள்

‘இன் மீடியா ரெஸ்’ என்று எழுதுவது மிகச் சாதாரணமான பிழை. ‘மீடியாஸ்’ என்பதன் கடைசி எழுத்து இரண்டாம் வேற்றுமைப் பன்மை, ‘நடுவுக்குள்’ என்ற நகர்வைக் காட்டுவது; விட்டால் தொடர் உடையும். ‘அட் நாசியம்’ அல்ல, ‘அட் நாசியாம்’. ‘மாக்னும் ஓபுஸ்’ என்பதற்கு லத்தீன் பன்மை ‘மாக்னா ஓபெரா’. எல்லோருக்கும் இசைநாடகம் நினைவுக்கு வரும் என்பதால் அதைத் தவிர்த்து எழுதுங்கள். ‘ஐ.ஈ.’ என்றால் அதாவது, ‘ஈ.ஜி.’ என்றால் எடுத்துக்காட்டாக. இரண்டையும் மாற்றிப் போட்டால் வாதமே மாறும்.

அகராதிக்குள் வந்துவிட்ட தொடர்களுக்குச் சாய்வெழுத்து வேண்டாம். மேற்கோளாக வரும் முழு வாக்கியத்துக்குக் கொடுங்கள், பொருளை ஒருமுறை மட்டும் தாருங்கள். ‘சிக்’ என்ற குறிப்பைச் சதுர அடைப்புக்குள் போட்டு, மூலத்துப் பிழை என்னுடையதல்ல என்று காட்டலாம்; பக்கத்துக்கு நான்கு வந்தால் அது குரூரம். உங்கள் சொந்த நடையில் லத்தீன் தூவுவதற்குமுன் ஜார்ஜ் ஆர்வெல்லின் 1946-ஆம் ஆண்டுக் கட்டுரையை நினையுங்கள்: சில சுருக்கக் குறியீடுகள் தவிர ஆங்கிலத்தில் அயல்தொடர்களுக்கு உண்மையான தேவை இல்லை என்கிறார் அவர். கட்டுரையாளருக்கு அந்த அறிவுரை சரி. கவிஞருக்கும் நாவலாசிரியருக்கும் பொருந்தாது.

தமிழில் மொழிபெயர்க்கிறீர்கள் என்றால், லத்தீனுக்குப் பதில் சமஸ்கிருதம் போடும் ஆசை வரும். செப லத்தீனுக்குச் சில இடங்களில் எடுபடும்போல் தோன்றினாலும், கத்தோலிக்கப் பாத்திரம் வைதிகராகிவிடும் அபாயம் பெரிது. தொடரைத் தமிழ் எழுத்தில் அப்படியே விட்டு, அடுத்த வாக்கியத்தில் பாத்திரத்தின் எதிர்வினையில் பொருளைக் கசியவிடுவது நல்ல வழி. சான்ட்டிக்ளீர் போன்ற இடங்களில் உரைக்குறிப்பு தவிர்க்க முடியாதது; அதைப் பக்கத்தின் அடியிலேயே போடுங்கள், நூலின் கடைசியில் போட்டால் நகைச்சுவை ஆறிப்போகும்.

பழகிப் பார்க்க ஒன்று

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தில் உள்ள வாசகம் ‘டாக்ட்ரினா விம் ப்ரோமோவெட் இன்சிடாம்’. உள்ளுறைந்த ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது. மூன்றாம் படியின்படி மூலத்துக்குப் போனால் ஹொரஸ், நான்காம் நூல், நான்காம் பாட்டு. பேரரசர் அகஸ்டஸின் மனைவி வழி மகன் ட்ரூசஸைப் புகழும் பாட்டு. முந்தைய கண்ணி சொல்கிறது: வீரர்கள் வீரர்களுக்கே பிறக்கிறார்கள், காளையிலும் குதிரையிலும் தகப்பனின் குணம் இருக்கும், கழுகு புறாவைப் பெறாது. அதன்பிறகே ‘டாக்ட்ரினா சேட் விம்’ என்று நமது வரி தொடங்குகிறது. ‘சேட்’ என்றால் ‘ஆனால்’. சின்னத்தில் அந்த ஒரு சொல் மட்டும் எடுக்கப்பட்டிருக்கிறது.